முரசென்னும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'டிரம்' என்பது ஒரு சிறு சொல். முரசு, மேளம் போன்ற தோற்கருவியின் பெயரென்றே அதனை நாம் முதலிற் கற்கின்றோம். பொறியியல் நூலிலும், மருத்துவ நூலிலும், கட்டடக் கலை நூலிலும் அதே சொல் எதிர்ப்படும்போதோ திகைக்கின்றோம். நீராவிக் கொதிகலனில் முரசுக்கு என்ன வேலை? ஒரு சொல்லைத் தமிழாக்குமுன் அது வந்த வழியை அறிதல் வேண்டும் என்பதற்கு இச்சொல் நல்லதொரு சான்றாகும்.

இச்சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது பதினாறாம் நூற்றாண்டிலேதான். டச்சு, ஜெர்மன் மொழிகளில் இதற்கு இனச்சொற்கள் உண்டு. கருவியின் ஒலியைப் போன்மை செய்து பிறந்த பெயர் இது என்பர். அதற்கு முன்னரும் 'டேபர்', 'நேக்கர்' முதலிய தோற்கருவிப் பெயர்கள் ஆங்கிலத்தில் வழங்கின. இவற்றுள் நேக்கர் என்பது அரபு மொழியின் 'நக்காரா' பிரெஞ்சு வழியாகச் சென்று திரிந்த வடிவம். தில்லிச் செங்கோட்டையில் 'நக்கர் கானா' என்னும் வாயில் மண்டபம் பெயர் பெற்றதும் அதே நகராவினால்தான்.

முரசுக்கு மூன்று இயல்புகள் உண்டு. உருளை வடிவம் ஒன்று. இழுத்துக் கட்டிய தோல் மற்றொன்று. பலரைக் கூட்டும் ஒலி மூன்றாவது. டிரம் என்னும் சொல்லின் பொருள்கள் இம்மூன்று வழிகளிலே கிளைத்தன.

வடிவத்தால் வந்தவையே மிகுதி. தார், எண்ணெய் அடைக்கும் இரும்புக் கலத்தை நாமும் டிரம் என்றே சொல்லுகிறோம். கொதிகலனில் நீரும் ஆவியும் பிரியும் உருண்ட கலம், சுரங்கக் கூண்டின் கம்பிவடம் சுற்றும் உருளை, மோட்டார் வண்டிச் சக்கரத்தின் பிரேக் டிரம் ஆகியன இவ்வகையின. தாஜ்மகாலின் குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் வட்டச் சுவருக்கும் கட்டடக் கலையில் இதுவே பெயர். 1956ஆம் ஆண்டளவில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இயங்கத் தொடங்கிய கணிப்பொறி, எண்களைக் காந்த டிரம் ஒன்றிலே பதித்து வைத்தது. அதுவும் சுழலும் உருளையே.

தோலினால் வந்தது காதின் உட்சவ்வுக்குரிய பெயர். ஆங்கிலத்தில் அது காதின் டிரம், தமிழில் செவிப்பறை. இவ்விடத்தில் இரு மொழிகளும் ஒரே உவமையைக் கையாளுகின்றன.

ஒலியால் வந்தவை சுவையானவை. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில், செல்வர் இல்லங்களில் மாலையிற் கூடிய ஆரவார விருந்துக்கு 'டிரம்' என்று பெயர். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று வாணிகத்துக்கு ஆள் சேர்த்த முகவர் 'டிரம்மர்' எனப்பட்டார். நம் கடற்கரையில் கத்தாளை என வழங்கும் மீனினத்துக்கும் 'டிரம்' என்றொரு பெயருண்டு. அவ்வினத்து மீன்கள் பல தம் காற்றுப்பையை அதிரச் செய்து முழக்கம் எழுப்புகின்றன.

முரசறையும் கோலின் பெயரும் இவ்வாறே பயணம் செய்தது. இங்கிலாந்தில் 'டிரம்ஸ்டிக்' என்றால் கோழியின் கால். இந்திய ஆங்கிலத்திலோ முருங்கைக்காய். இவ்வேறுபாட்டை அறியாதவர் சமையற் குறிப்பொன்றை மொழிபெயர்த்தால், சைவ உணவு அசைவமாகிவிடும்!

ஒலியொப்புமையைக் கண்டு உறவு கொண்டாடுதலும் தவறே. பனிப்பாறை விட்டுச் சென்ற நீள்குன்றைக் குறிக்கும் 'டிரம்லின்', முதுகு அல்லது மேட்டு வரை எனப் பொருள்படும் அயர்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது. நிலநடுக்கோட்டருகே பாய்மரக் கப்பல்கள் காற்றின்றித் தவித்த கடற்பகுதியான 'டோல்டிரம்ஸ்', மந்தத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது என்பர். இவற்றில் முரசு ஏதுமில்லை.

இதற்கு மாறாக, முரசின் சாயலே தோன்றாத ஓர் ஆங்கிலச் சொல்லில் நம் பறை மறைந்திருக்கிறது. தமிழில் பறை என்பது கருவியையும் குறிக்கும். பறைதல் சொல்லுதலையும் குறிக்கும். மலையாளத்தில் 'பறயுக' என்றால் பேசுதல். பறையர் என்னும் பெயரை இக்கருவியோடு இணைத்துக் கூறும் அகராதிகள், அப்பெயரிலிருந்தே 'பரையா' என்னும் சொல் ஆங்கிலத்துக்குச் சென்றது என்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் எழுத்தில் அது ஒரு சமூகத்தாரின் பெயராக வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, ஒதுக்கி வைக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆயினும், பிற நாடுகள் விலக்கி வைத்த ஓர் அரசைக் குறிக்க ஆங்கில ஏடுகள் இச்சொல்லை இன்றும் எழுதுகின்றன. எழுதுவோர் பலர், தாம் ஒரு மக்கட் குலத்தின் பெயரை வசையாக வழங்குவதை அறியார்.

டிரம் என்பதற்கு உருளை, கலம், பறை, முழக்கம் எனத் தக்க சொல்லை இடமறிந்து இடுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. 'பரையா' என்னும் சொல் எதிர்ப்படும்போதும் அந்த ஆராய்ச்சி வேண்டும். அதன் வரலாற்றை அறிந்தவர், விலக்கப்பட்ட நாடு என்று எழுதிவிட்டு அப்பெயரைத் தவிர்த்தல் நன்று.