பல்லைப் பிடுங்க முன்...

கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல ஒரு வெட்டு. சில விநாடிகள், கூடினால் இரண்டு நிமிடம். பல் தீட்டும்போதும், சோற்றை மெல்லும்போதும், பஸ் தரிப்பில் நிற்கையில் ஜனவரிக் காற்று முகத்தில் அடிக்கும்போதும் அது திரும்ப வரும். பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில்தான் வலிக்கும். தாடையிலும் பல்வரிசையிலும் தெறிப்பதால் முதலில் பல் வைத்தியரிடம் ஓடுகிறோம். நல்ல பல்லைப் பிடுங்கிய பிறகும் வலி அப்படியே நிற்கும். அடுத்த பல்லும் போகும். உலகெங்கும் நடக்கிற தவறு இது. பல்லில் பழுது இருப்பதை எக்ஸ்ரே காட்டாதவரை பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். "இது ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவாக இருக்குமா?" என்று கேளுங்கள். குடும்ப வைத்தியரிடமும் இதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்ராறியோவில் நிபுணரிடம் போகும் வழி பெரும்பாலும் அவருடைய பரிந்துரைதான்.

நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்றுக்கும் உணர்ச்சி தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பான ட்ரைஜெமினல். அது மூளைத்தண்டில் சேரும் இடத்தில் ஒரு இரத்தக்குழாய் அழுத்தித் துடித்துக்கொண்டே இருந்தால் நரம்பின் மேலுறை தேய்கிறது. பிறகு மெல்லிய தொடுகைகூட வலியாக மாறுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. சிலருக்கு மல்டிப்பிள் ஸ்க்ளிரோசிஸ் நோயோ கட்டியோ காரணமாக இருக்கலாம். அதனால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்காமல் விடக்கூடாது.

முதல் மருந்து கார்பமசெபின். சாதாரண வலிக்குளிசைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் உள்ள எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்குக் கார்பமசெபின் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையைத் தரலாம். ஆகவே குளிசை தொடங்க முன் இதற்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். தோலில் தடிப்பு வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். தடிப்பு எதுவும் இல்லாமல், வலி குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் நீங்களாகக் குளிசையைத் திடீரென நிறுத்தாதீர்கள்.

குளிசை பலன் தராவிட்டாலோ தலைச்சுற்றும் மயக்கமும் தாங்க முடியாமல் போனாலோ சத்திரசிகிச்சை இருக்கிறது. மூளைக்குப் பக்கத்தில் என்றதும் நம்மவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பயத்தால் வருடக்கணக்காக வலியோடு இருப்பது தேவையற்ற துன்பம் என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்க வைத்தியர் பீட்டர் ஜனெட்டா 1960களில் நிலைநிறுத்திய முறையில் காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துவாரம் இட்டு, அழுத்தும் குழாயை விலக்கி, நரம்புக்கும் அதற்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். நரம்பை வெட்டுவதில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 70 வீதமானோர் மருந்தின்றி வலியற்று இருந்தார்கள். ஆபத்துகளும் உண்டு: அந்தப் பக்கக் காது கேளாமை, முக மரத்துப்போதல், மூளைத் திரவக் கசிவு, அரிதாகப் பக்கவாதம் அல்லது மரணம்.

வயதானவர்களுக்கும் மயக்க மருந்து ஒத்துவராதவர்களுக்கும் காமா நைஃப் கதிர்வீச்சு உண்டு. பெயரில் மட்டும்தான் கத்தி. பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். ஊசி மூலம் நரம்பைச் சுட்டோ அழுத்தியோ செயலிழக்கச் செய்வதும் உண்டு; வலி விரைவில் அடங்கும், ஆனால் மரத்துப்போதலும் வலி திரும்புவதும் கூடுதல். ரொறன்ரோ வெஸ்டேர்ன் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை, காமா நைஃப் இரண்டும் உண்டு.

ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சம்மதச் சட்டப்படி, பலன், ஆபத்து, மாற்று வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் வைத்தியர் உங்களுக்கு விளக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். இந்த விளக்கத்தை மொழிபெயர்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். அம்மா பயந்துவிடுவா என்று ஆபத்துகளை விழுங்கிவிடுவார்கள். சந்திப்புக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையிடம் கேளுங்கள்.

ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பின் அட்டை இருந்தால் வைத்தியருக்கும் மருத்துவமனைக்கும் கட்டணமில்லை. வீட்டில் எடுக்கும் குளிசை வேறு கணக்கு. 65 வயதுக்கு மேல் மாகாணத் திட்டம் உதவும், மற்றவர்கள் வருமானத்தோடு ஒப்பிடுகையில் மருந்துச் செலவு அதிகமானால் ட்ரில்லியம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சூப்பர் விசாவில் வந்த பெற்றோருக்கு ஓஹிப் இல்லை. ஏற்கெனவே உள்ள நோயைத் தனியார் காப்புறுதி விலக்கியிருக்கிறதா என்று அவர்கள் விமானம் ஏற முன்பே வாசித்துப் பாருங்கள். மருத்துவமனை மீது குறை இருந்தால் முதலில் அங்கேயே முறையிடுங்கள், தீராவிட்டால் நோயாளர் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.

வலியால் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ முடியாத நிலை வந்தால் நிபுணரின் திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.