உங்களுக்குத் தெரியுமா? விரலுக்கும் கணக்கு உண்டு!

● இயந்திரத்தில் சிக்கிக் கட்டைவிரல் முழுதாகப் போனால் 30%, ஆள்காட்டி விரலுக்கு 14%, நடுவிரலுக்கு 12%, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7% உழைப்புத்திறன் இழப்பு. 1923-ஆம் ஆண்டின் இந்திய இழப்பீட்டுச் சட்ட அட்டவணை போட்ட கணக்கு இது. அந்தச் சட்டத்தின் சாரம், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது.

● 30 வயது, மாதச் சம்பளம் ரூ.15,000, போனது கட்டைவிரல் என்று வையுங்கள். சம்பளத்தில் 60% ரூ.9,000. அதை வயதுக்கான காரணி 207.98-ஆல் பெருக்கி, 30% எடுத்தால் இழப்பீடு ரூ.5,61,546. சிகிச்சைச் செலவு தனி. அதுவும் முதலாளி பொறுப்பே.

● 'கவனக்குறைவு உன்னுடையது' என்று சொல்லி மட்டும் முதலாளி கைகழுவ முடியாது. ஆனால் குடிபோதையிலோ, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியதாலோ காயம்பட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு செல்லாது.

● இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உறுப்பினருக்கு இழப்பீட்டுக்குப் பதிலாக இ.எஸ்.ஐ.யின் ஊனப் பயன் கிடைக்கும். தற்காலிக ஊனத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90%. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

● பவர் பிரஸ்ஸில் தள்ளித்தள்ளி இரண்டு பொத்தான்கள் இருப்பது ஏன்? இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்போது இரு கைகளும் வெளியே இருக்கும். உற்பத்தி வேகத்துக்காக ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு!