பாராட்டு என்னும் வினை

‘பாராட்டுதல்’ என்பதற்குப் புகழ்தல் என்பதே பொருளென இக்காலத்தார் பெரும்பாலும் கொள்வர். பாராட்டு விழா, பாராட்டுரை முதலிய வழக்குகள் அக்கருத்தை வலியுறுத்துகின்றன. எனினும், அவ்வொரு பொருளே கொண்டு நோக்கின், ‘பகை பாராட்டினான்’, ‘உரிமை பாராட்டினர்’, ‘வேற்றுமை பாராட்டாது பழகினார்’ என்னும் தொடர்கள் பொருந்தாவாகும். பகை பாராட்டுவான் பகையைப் புகழ்கின்றானல்லன். ஆகலின், இவ்வினையின் அடிப்படைப் பொருள் யாதென ஈண்டு ஆராய்வாம்.

இச்சொல்லைப் பார் + ஆட்டு எனப் பகுக்கலாம். சீராட்டு, தாலாட்டு, நீராட்டு என்பன இவ்வமைப்பினவே. முன்னிற்கும் ‘பார்’ காண்டற்பொருளதோ, பருமை, பாரித்தல் என்பவற்றோடு இயைந்து பெருக்கற்பொருள் தருவதோ என்பது வினா. காண்டலினின்று புகழ்ச்சியும் பகையும் ஒருங்கே பிறத்தல் அரிது. பெரிதாகக் கொள்ளுதல் என்னும் பொருளினின்றோ இரண்டும் எளிதிற் பிறக்கும். ஆதலின் பின்னதே பொருந்துமென்பது எம் கருத்து. முடிந்த முடிபெனக் கூறோம்.

பழைய வழக்கும் இதற்கு அரண் செய்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ‘பாராட்டெடுத்தல்’ என ஒரு மெய்ப்பாட்டைக் கூறும். அகத்துறைகளுள் ‘நலம் பாராட்டல்’ என ஒன்று உண்டு. ஆண்டுப் பாராட்டப்படுவது நலம் என விதந்து கூறப்படுதல் நோக்கத்தக்கது. நன்மை செயப்படுபொருளிலேயே உளது. வினை அதனைப் பெரிதாக்குகின்றது. குழந்தையைச் சீராட்டிப் பாராட்டி வளர்த்தலும் அதனைப் பெரிதெனப் போற்றலேயாம்.

இனி, இவ்வினை கொள்ளும் செயப்படுபொருளை நோக்குவாம். ‘பகை பாராட்டினான்’ என்புழிப் பகைமையை உளங்கொண்டு ஒழுகினான் என்பது பொருள். ‘பகைவனைப் பாராட்டினான்’ என்புழிப் புகழ்ந்தான் என்பதே பொருள். அங்ஙனமே, ‘பெருமை பாராட்டினான்’ எனின் தன்னை வியந்தான் என்பதும், ‘அவன் பெருமையைப் பாராட்டினான்’ எனின் பிறனைப் புகழ்ந்தான் என்பதும் பெறப்படும். உருபு தொக்க பண்புப்பெயரோடு வருங்கால் கைக்கொண்டொழுகுதலும், உருபு விரிந்த உயர்திணைப்பெயரோடு வருங்கால் புகழ்தலும் பொருளாதல் பெரும்பான்மை. ஆயினும், ‘என் குறைகளைப் பாராட்டாது ஏற்றருள்க’ என்புழி உருபு விரிந்தும் புகழ்ச்சி இன்மையின், உருபொன்றே அளவையாகாது. செயப்படுபொருளின் இயல்பும் உடன் நோக்கற்பாலது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, எவ்வடிவிலும் அதனைக் கைக்கொள்ளுதலைத் தடுக்கின்றது. அங்ஙனம் கைக்கொள்ளுதலைத் தமிழ் வழக்கு ‘தீண்டாமை பாராட்டுதல்’ எனக் குறிக்கும். ஈண்டுப் புகழ்தற்பொருள் கொள்ளின், தீண்டாமையை வாயாற் புகழ்வோன் மட்டுமே குற்றவாளி எனவும், வாளாதிருந்து அதன்படி ஒழுகுவோன் குற்றமிலன் எனவும் பட்டுத் தொடரின் கருத்தே சிதையும்.

ஆகவே, பெரிதாகக் கொள்ளுதலே இவ்வினையின் தலைமைப் பொருளென்பதும், புகழ்தல் அதனின்று கிளைத்ததென்பதும் பெறப்படும். அகராதி தொகுப்போர் அம்முறையே பொருள்களை நிரல்படுத்தலும், பழநூல் பயில்வோர் இச்சொல்லைக் காணுந்தோறும் பாராட்டப்படுவது யாதென முதற்கண் வினவலும் நலமாம்.