கதவைத் திறந்து வைத்து வியாபாரம் செய்யும் குடும்பங்கள்

ஒயின் நமது உறுப்பினர்களின் கடைகளில் விற்கும் சரக்கு அல்ல. ஆயினும், அதைத் தயாரித்து விற்கும் சிறு குடும்பங்கள் வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து நிலைநிறுத்திக்கொள்ளும் முறை, சில்லறைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் பயன்படக்கூடியது. ஆஸ்திரியா நாட்டில் டான்யூப் நதிக்கரையில் உள்ள வாகாவ் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு அதனை இங்கு விளக்குகிறோம்.

இடமும் தொழிலும்

மெல்க், கிரெம்ஸ் என்ற இரு ஊர்களுக்கு இடையே சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்தது இப்பள்ளத்தாக்கு. தலைநகர் வியன்னாவிலிருந்து மேற்கே சுமார் 80 கிலோமீட்டர். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. செங்குத்தான மலைச்சரிவில், சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய படிமேடைகளில் திராட்சைக்கொடி வளர்கிறது. அங்கே எந்திரம் ஏற முடியாது. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். ஆகவே அடக்கவிலை அதிகம். சமவெளியில் எந்திரத்தால் அறுவடை செய்பவரோடு விலையில் போட்டியிட இவர்களால் இயலாது. தரத்தையும் பெயரையும் வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

ஒரு நாள் சுற்றுலா

வியன்னாவிலிருந்து காலையில் ஒரு வழிகாட்டியுடன் சிறு குழுவாகப் பயணிகள் புறப்படுகிறார்கள். மெல்க் நகரின் பெரிய மடாலயத்தைப் பார்த்துவிட்டு, படகிலோ வண்டியிலோ ஸ்பிட்ஸ், டூர்ன்ஸ்டைன் போன்ற சிற்றூர்களுக்கு வருகிறார்கள். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு 1192-இல் சிறைவைக்கப்பட்ட கோட்டையின் இடிபாடு டூர்ன்ஸ்டைனில்தான் இருக்கிறது.

பிறகு இரண்டு மூன்று ஒயின் வீடுகள். குடும்பத்தில் ஒருவரே வாசலில் வந்து வரவேற்பார். தோட்டம், பழம் பிழியும் இடம், நிலவறை எல்லாவற்றையும் காட்டுவார். சுவை பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அளவே ஊற்றுவார்கள்; மென்மையானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பார்கள். விழுங்க விரும்பாதவர் துப்புவதற்குப் பாத்திரமும் உண்டு. இந்தச் சரிவில் விளைந்ததற்கும் அந்தச் சரிவில் விளைந்ததற்கும் என்ன வேறுபாடு என்று அவர் சொல்லக் கேட்டவர், கடைசியில் விலைப்பட்டியலைக் கேட்கிறார். விற்பனை அங்கேயே முடிகிறது. இடைத்தரகர் இல்லை, பணம் கைக்கு வருகிறது, குறை இருந்தால் அதுவும் நேரடியாகக் காதுக்கு வருகிறது.

இந்த நேரடி விற்பனை நேற்று வந்ததல்ல. விவசாயி தன் சொந்த விளைபொருளையும் ஒயினையும் தானே விற்றுக்கொள்ளலாம் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784-இல் ஆணையிட்டார். இன்றும் அத்தகைய வீடுகள் விற்பனை நடக்கும் நாட்களில் வாசலில் பச்சைக் கிளைக் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகின்றன. அதுதான் விளம்பரப் பலகை. தனியாக விற்க வசதியில்லாத சிறு விவசாயிகள் டொமேனே வாகாவ் என்ற கூட்டுறவு அமைப்பில் சேர்ந்து, தங்கள் பழத்தை அதற்கு வழங்குகிறார்கள்.

1985-இல் விழுந்த அடி

இவ்வளவு நாணயம் பார்க்கும் நாட்டில்தான் பெரும் கலப்பட ஊழலும் நடந்தது. மலிவான ஒயினை இனிப்பாகவும் கெட்டியாகவும் காட்டுவதற்காக, ஆஸ்திரியாவின் சில வியாபாரிகளும் உற்பத்தியாளர்களும் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். இருமல் மருந்தில் கலந்து குழந்தைகளின் உயிரைப் பறித்ததாக நாம் செய்திகளில் படித்த அதே நச்சுப்பொருள். 1985-இல் குட்டு வெளிப்பட்டது. பல நாடுகள் ஆஸ்திரிய ஒயினுக்குத் தடை விதித்தன. ஏற்றுமதி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. தவறு செய்தவர் சிலர். தண்டனையோ, ஒரு சொட்டுக்கூடக் கலக்காத குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. இழந்த ஏற்றுமதி அளவை மீண்டும் எட்ட ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின.

மீண்டது எவ்வாறு?

அதே ஆண்டில் அரசு கடுமையான ஒயின் சட்டம் கொண்டுவந்தது. தரமான ஒயின் என்று விற்க வேண்டுமானால் ஆய்வுக்கூடச் சோதனையிலும் சுவைச் சோதனையிலும் தேறி, பரிசோதனை எண் பெற வேண்டும். புட்டியின் தலையில் சிவப்பு வெள்ளை சிவப்பு முத்திரை இருக்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, வாகாவ் உற்பத்தியாளர்கள் ஊழல் வெளிப்படுவதற்கு முன்பே, 1983-இல், வினேயா வாகாவ் என்ற சங்கத்தை அமைத்திருந்தார்கள். சட்டம் அனுமதிப்பதைவிடக் கடுமையான விதிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். பழச்சாற்றில் சர்க்கரை சேர்ப்பதில்லை. வெளியூர்ச் சரக்கைத் தம் பெயரில் விற்பதில்லை. ஸ்டைன்ஃபெடர், ஃபெடர்ஸ்பீல், ஸ்மரக்ட் என்று மென்மையிலிருந்து கனம் வரை மூன்று வகையாகப் பெயரிட்டார்கள். புட்டியைப் பார்த்ததுமே வாங்குபவருக்கு உள்ளிருப்பது எப்படிப்பட்டது என்று விளங்கிவிடும்.

நமக்குள்ள பாடம்

எண்ணெய், மிளகாய்த்தூள், பருப்பு, தேயிலை என்று நாம் விற்கும் எதிலும் கலப்படச் செய்தி ஒன்று வந்தால், அது ஒரு கடையோடு நிற்காது; தெரு முழுவதும் வாடிக்கையாளர் சந்தேகத்தோடு பார்ப்பார். ஆகவே பக்கத்துக் கடையின் சுத்தமும் நம் கவலைதான். சங்கம் விதி வகுக்க வேண்டும்; உறுப்பினர் அதை மதிக்க வேண்டும்.

சரக்கு எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று வாடிக்கையாளர் கேட்டால் தயங்காமல் சொல்லக்கூடிய நிலையில் நாம் இருக்க வேண்டும். கொள்முதல் செய்யும் செக்கையும் அரவை மில்லையும் வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. முடிந்தால் வாடிக்கையாளர் நால்வரையும் உடன் அழைத்துச் செல்லலாம். மறைக்க ஒன்றும் இல்லாத வியாபாரிக்குத் திறந்த கதவைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.