கேட்டால்தான் குறையும் கட்டணம்

அமெரிக்காவின் சின்னத் தனியார் கல்லூரிகள் இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை அப்படியே கட்டுகிறவர்கள் குறைவு. டியூஷன், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலர் என்று போட்டிருக்கும். மதுரையில் இருக்கும் அப்பாவுக்கும் தலை சுற்றும், டெட்ராய்ட்டில் இருக்கும் அப்பாவுக்கும் தலை சுற்றும். "நமக்கு இதெல்லாம் கட்டுப்படி ஆகாதுப்பா" என்று மூடி வைத்துவிடுவார்கள். அந்தக் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களின் டியூஷனில் சராசரியாகப் பாதிக்கு மேல் தாங்களாகவே தள்ளுபடி செய்கின்றன என்பது பல அப்பாக்களுக்குத் தெரியாது.

நான் ஒஹாயோவில், சுற்றிலும் சோளக்காடு சூழ்ந்த ஒரு சிற்றூர்க் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். மொத்தமே 1,600 பிள்ளைகள். அலுவலகத்தில் நாங்கள் நாலு பேர். வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எங்களில் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறோம். சின்னக் கல்லூரியில் விண்ணப்பிக்கிறவருக்கு இருக்கும் பெரிய சௌகரியமே இதுதான்.

தள்ளுபடி எதற்கு என்று கேட்பீர்கள். எங்களைப் போன்ற இடத்துக்கு முக்கிய வருமானம் இரண்டு: கட்டணம், பழைய மாணவர்கள் தந்த நன்கொடை மூலதனத்தின் வட்டி. முதலாண்டில் 400 இடம் இருந்து 350 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் அந்த வருஷ பட்ஜெட் படுத்துவிடும். அதனால் முழுசாகக் கட்டுகிறவர், பாதி கட்டுகிறவர், கால்வாசி கட்டுகிறவர் என்று கலந்து வகுப்பை நிரப்புகிறார்கள். வசதி இல்லாத பிள்ளைக்குக் கைகொடுப்பதும் உண்மை, காலி இடத்தை நிரப்பிக்கொள்வதும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கிற கல்லூரி விளம்பரங்களைப் படித்தால் எனக்கே சிரிப்பு வரும்.

ஒரு குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று வாய்பாடு போட்டுக் கணக்கிடுகிற வழக்கம் 1950களில் தொடங்கியது. ஹார்வர்டில் இருந்த ஜான் மன்றோ அப்படி ஒரு வாய்பாட்டை வகுத்தார். 1954இல், எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அதற்கென்றே ஓர் அமைப்பை ஆரம்பித்தது. இன்று சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்று நாங்கள் சொல்லும் படிவம் அந்த வழியில் வந்ததுதான். இன்னொரு படிவம் ஃபாஃப்சா. அது அமெரிக்க மத்திய அரசுடையது, இலவசம். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். 2023இல் புதுப்படிவம் கொண்டுவருகிறோம் என்று டிசம்பர் 30 வரை இழுத்தடித்தார்கள். விவரங்கள் எங்கள் கைக்கு வர மார்ச் ஆகிவிட்டது. அந்த வசந்த காலத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

இரண்டு படிவங்களும் ஒரே குடும்பத்தை இரண்டு விதமாகப் பார்க்கும். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஃபாஃப்சா கேட்காது, ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும் சேமிப்பையும் கேட்காது. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் வீட்டையும் கேட்கும், விவாகரத்தான தகப்பனாரின் வருமானத்தையும் பெரும்பாலும் கேட்கும். ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் ஃபாஃப்சா முன்பு பெற்றோர் பங்கைப் பிரித்துக் கணக்கிட்டது. புதுப்படிவத்தில் அந்தச் சலுகை போய்விட்டது. சில கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்கும்போது இன்னமும் அதைப் பார்க்கின்றன. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கேட்டே ஆகவேண்டும். சேமிப்பு யார் பேரில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிள்ளையின் பேரில் வங்கியில் கிடக்கும் பணத்தில் 20 சதவீதத்தை ஃபாஃப்சா கணக்கில் எடுக்கும். பெற்றோர் பேரில் இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். பேத்தி பிறந்த அன்றே தாத்தா அவள் பேரில் போட்டுவைத்த டெபாசிட், உதவி கேட்கும் வருஷத்தில் இப்படி எதிராகத் திரும்புவதுண்டு.

ஃபாஃப்சாவை அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வேறு சில பிரிவினரும்தான் நிரப்ப முடியும். எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் நம்மவர்களின் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நாலு வயதில் வந்து, இங்கேயே பள்ளி முடித்து, தமிழை அமெரிக்க உச்சரிப்பில் பேசும் பிள்ளைக்குக் கையில் இருப்பது எச்-4 விசா. இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை நீண்டுகொண்டே போகிறது. அதற்குள் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிடும். மத்திய அரசின் மானியமும் கடனும் அவர்களுக்குக் கிடையாது. கல்லூரியின் சொந்தப் பணத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி. சில இடங்களில் உள்ளூர்ப் பிள்ளையாக எண்ணுவார்கள், சில இடங்களில் சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவரோடு சேர்த்து வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைப்பார்கள். இணையதளத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள், பதிலை எடுத்து வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்ஹர்ஸ்ட், போடன், வாஷிங்டன் அண்ட் லீ போன்ற சில சின்னக் கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டிருக்கிறாரா என்று பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்கின்றன. அங்கே போட்டி கடுமை. மற்றபடி பெரும்பாலான கல்லூரிகள் பார்த்துத்தான் முடிவு செய்யும், எங்களையும் சேர்த்து. 'முதல்ல சீட்டை வாங்கிடலாம், உதவியை அப்புறமா கேட்டுக்கலாம்' என்று நம்மூரில் ஒரு யோசனை சொல்வார்கள். அது இங்கே நடக்காது. சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் அடுத்தடுத்த வருஷங்களில் கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் விதியே வைத்திருக்கின்றன. தவிர மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் வாங்கவே முதல் வருஷப் பணத்துக்கு ஆதாரம் காட்டியாக வேண்டும்.

கென்டக்கியில் பெரியா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1855இல் தொடங்கியது. 1892இலிருந்து டியூஷனே வாங்குவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வளாகத்தில் வேலை செய்யவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலரையும் ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறார்கள். வசதி குறைந்த, நன்றாகப் படிக்கிற பிள்ளை யாராவது என்னிடம் கேட்டால் எங்கள் கல்லூரிக்கு முன்னால் நான் சொல்வது அந்தப் பெயரைத்தான். என் மேலதிகாரி தமிழ் படிக்கமாட்டார்.

இந்தியக் குடும்பத்தின் கோப்பு வந்தால் அலுவலகத்தில் என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். ஃபார்ம் 16, வருமான வரிக் கணக்கு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சில சமயம் தாசில்தார் கையெழுத்துப் போட்ட வருமானச் சான்றிதழ். பட்டா நகலைக்கூட அனுப்பிவிடுவார்கள். இருப்பதை எல்லாம் அனுப்பிவிட்டு, விளக்கம் எழுதச் சொல்லும் பெட்டியை மட்டும் காலியாக விடுவார்கள். ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் திணறிய பிறகு நான் தமிழ் என்று தெரிந்ததும் குரலே மாறிவிட்டது.

"வீடு மாமனார் பேர்ல இருக்குங்க மேடம். அதையும் எழுதோணுங்களா?"

"பாகம் பிரிச்சாச்சுங்களா?"

"இல்லீங்க, மாமனார் நல்லாத்தான் இருக்கார். நாங்க கீழ்வீட்டுல இருக்கோம், அவ்வளவுதானுங்க."

"அப்ப உங்க சொத்துன்னு போட வேண்டாங்க. விளக்கம் எழுதற இடத்துல, வீடு மாமனாருது, வாடகை இல்லாம இருக்கோம், அவரோட மருந்துச் செலவு நாங்க பாக்கறோம்னு எழுதிடுங்க. மாசம் எவ்வளவுன்னும் போடுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நம்ம வீட்டுக் கதையெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு எதுக்குங்க?" என்றார்.

"படிக்கப்போறது நாந்தாங்க" என்றேன்.

இந்தக் கூச்சம் எனக்குப் புரியாததில்லை. கடன் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஊரில் மாமியாரின் டயாலிசிஸுக்கு டெட்ராய்ட்டிலிருந்து மாதாமாதம் பணம் போகிறது என்பதை ஃபாஃப்சாவின் எந்தக் கட்டமும் கேட்காது. நீங்களாகச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். சொன்னால் பார்ப்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சிறப்புச் சூழ்நிலை இருந்தால், ஆதாரத்தை வைத்துக்கொண்டு எண்களைத் திருத்த நிதியுதவி அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

வேலை போனவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2026 இலையுதிர் காலத்தில் சேரும் பிள்ளைக்கு ஃபாஃப்சா பார்ப்பது 2024இன் வருமானத்தை. 2024இல் கைநிறையச் சம்பளம் வாங்கிய அப்பாவுக்கு 2026 பிப்ரவரியில் வேலை போயிருந்தால் படிவம் அவரைப் பணக்காரர் என்றே சொல்லும். அப்போது எங்களுக்கு ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதவேண்டும்.

அந்தக் கடிதங்கள் இரண்டு வகை. மகள் எல்கேஜியிலிருந்து வாங்கிய பரிசுகள், அரங்கேற்றத்துக்கு யார் யார் வந்தார்கள், குடும்பத்தின் பாரம்பரியம் என்று மூன்று பக்கம் போகும் ஒரு வகை. அரங்கேற்ற ஆல்பத்தையே இணைத்தவரும் உண்டு, நன்றாக ஆடியிருந்தது அந்தப் பெண். சேர்க்கை அலுவலகத்துக்கு அது உதவலாம், எனக்கு உதவாது. இன்னொரு வகை அரைப் பக்கம்: வேலை போன தேதி, கம்பெனி கொடுத்த கடைசித் தொகை, வாரம் கிடைக்கும் வேலையிழப்பு உதவி, மனைவியின் சம்பளம், இந்த வருஷம் மொத்தமாக எதிர்பார்க்கும் வருமானம். ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆதாரம் இணைப்பில். கடைசியில், எவ்வளவு கூடக் கிடைத்தால் மகளை அனுப்ப முடியும் என்று ஒரு தொகை. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் மேலதிகாரியின் அறைக்குப் போக முடியும். ஊரில் மேலிடத்தில் ஆளைப் பிடிக்கிற மாதிரி இங்கே கல்லூரித் தலைவருக்கு நேரே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வரும், ஒரு வாரம் தாமதமாக.

உதவிக் கடிதம் வந்ததும் குடும்பமே சந்தோஷப்படும். அந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். 78,000 டாலர் செலவுக்கு இப்படி வருகிறது என்று வையுங்கள்: திறமை உதவித்தொகை 32,000, கல்லூரி மானியம் 14,000, மாணவர் கடன் 5,500, வளாக வேலை 2,500. மொத்த உதவி 54,000, நீங்கள் கட்டவேண்டியது 24,000 என்று அடியில் போட்டிருக்கும். திருப்பிக் கட்டவேண்டிய கடனும் அதே பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. வளாக வேலைக்கான 2,500 பில்லில் கழியாது. பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்து மாதாமாதம் சம்பளமாக வாங்குவது அது. கழிக்கவேண்டியது 46,000 மட்டும். உங்கள் உண்மையான செலவு 32,000. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையில், கிட்டத்தட்ட 91 சதவீதக் கல்லூரிகளின் கடிதங்கள் இந்த உண்மைச் செலவைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துச் சொன்னன என்று எழுதியது. திறமை உதவித்தொகை நாலு வருஷமும் வருமா, அதற்கு எவ்வளவு மதிப்பெண் எடுக்கவேண்டும் என்றும் கேளுங்கள். டியூஷன் வருஷாவருஷம் ஏறும், உதவித்தொகை பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கும்.

இதற்கெல்லாம் முன்னால், கல்லூரிப் பட்டியல் போடும்போதே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் உண்மைச் செலவைக் கணக்கிடும் ஒரு கருவி இருக்கும். 2011இலிருந்து அது சட்டப்படி கட்டாயம். வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கால் மணி நேர வேலை. அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் ஓரளவு சரியாக வரும். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் அதை நம்ப முடியாது.

சேருவதாகச் சொல்லி முன்பணம் கட்ட வழக்கமான கடைசி நாள் மே 1. அதற்கு முன் கேட்பதுதான் நல்லது. ஆனாலும் மே முதல் வாரத்தில், இன்னும் இடமும் பணமும் மிச்சம் இருக்கும் கல்லூரிகளின் பட்டியலைச் சேர்க்கை ஆலோசகர்களின் சங்கம் வருஷாவருஷம் வெளியிடுகிறது. எங்கள் பெயரும் சில வருஷம் அதில் இருந்திருக்கிறது. அந்த மே மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டால் முதல் மணியிலேயே எடுப்போம்.