மூச்சுக்கு அடங்கிய ஆசனம்

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடி நிறுத்தத்தில் பேருந்துக்காக நிற்கும் நேரத்தில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாடியைத் தொடக் கூடாது, நெஞ்சில் கை வைக்கவும் கூடாது. அரை நிமிடத்தில் இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். டிரங்க் ரோடு ஹாரன் சத்தத்தில் முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போய், ஃபேனை நிறுத்திவிட்டு முயலுங்கள். அப்போதும் பலருக்குப் பிடிபடாது.

உடம்பின் உள்ளே நடப்பதை உணரும் இந்தத் திறனுக்கு இன்டரோசெப்ஷன் என்று பெயர். 2004இல் லண்டனில் ஹியூகோ கிரிட்ச்லி குழுவினர், தம் துடிப்பைக் கவனிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். துடிப்பைச் சரியாகக் கண்டுகொண்டவர்களுக்கு மூளையின் வலப்பக்க இன்சுலா என்ற மடிப்பின் முன்பகுதி கூடுதலாக இயங்கியது. 2016இல் நாராயணன் கந்தசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு ஒன்று வந்தது. லண்டன் நிதிச் சந்தையில் வேலை பார்க்கும் 18 வணிகர்களிடம் முதலில் சொன்ன அந்த எண்ணும் சோதனை. அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே எண்ணினார்கள். அவர்களிலும் நன்றாக எண்ணியவர்கள் கூடுதல் லாபம் பார்த்தார்கள், அந்தத் தொழிலில் அதிக காலம் தாக்குப்பிடித்தார்கள். மூளையை மட்டும் நம்பிச் செய்வதாக நாம் நினைக்கும் வேலையிலும் உடம்புக்குப் பங்கு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வு இது. பதினெட்டே பேர் என்பதையும் மறக்க வேண்டாம்.

போரூருக்கும் ராமாபுரத்துக்கும் கணினி வேலைக்குப் போகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ராத்திரியில் கதை எழுதுகிறவர்கள் என இந்தப் பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்தே யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். முதுகு வலிக்கும்வரை முதுகு இருப்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. "யோகா பண்ணுங்க, உடம்பு பேசுறது கேட்கும்" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். கேட்குமா?

2008இல் சாஹிப் கால்சா குழு நெடுநாள் தியானம் பழகியவர்களை அழைத்து இதயத் துடிப்பைக் கண்டறியச் சொன்னது. மற்றவர்களைவிட அவர்கள் ஒன்றும் மேலாகச் செய்யவில்லை. யோக விளம்பரங்களில் இந்த முடிவு வருவதில்லை. எனக்கோ இதுதான் பயனுள்ள முடிவாகப் படுகிறது. நேராக இதயத்தைக் கேட்கப் போவது வீண். நாம் கை வைக்கக்கூடிய வாசல் வேறொன்று இருக்கிறது: மூச்சு.

மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கிறது. விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகித் துடிப்பு தணிகிறது. இது போக, ரத்த அழுத்தத்துக்கென்று சுமார் பத்து நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் அலை உண்டு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கும் பத்து நொடி. இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 2001இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி 23 பேரிடம் இதை அளந்தார். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் சரி, 'ஓம் மணி பத்மே' மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறை ஒட்டி இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. மதம் எதுவானாலும் நுரையீரலுக்குக் கணக்கு ஒன்றுதான்.

மூச்சையே அளவுகோலாக வைத்த ஒருவர் சென்னையில் இருந்தார். 1888இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் சமஸ்கிருத இலக்கணமும் தரிசனங்களும் படித்த பண்டிதர். மைசூர் அரண்மனை யோகசாலையில் 1933 முதல் சிறுவர்களுக்குத் தாவிக் குதிக்கும் ஆசன வரிசைகளைக் கற்றுக்கொடுத்தவர். 1935இல் இந்தியா வந்த பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் பிராஸ் ஈசிஜி கருவியோடு சோதித்த யோகிகளில் இவரும் ஒருவர். யோகி இதயத்தையே நிறுத்துகிறார் என்று அப்போது பேச்சு கிளம்பியது. 1961இல் வெங்கர், பாக்சி, டெல்லியின் பி.கே. ஆனந்த் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்தப் பேச்சை அடக்கினார்கள். மூச்சைப் பிடித்து நெஞ்சை இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்குத் தட்டுப்படாது. ஈசிஜியில் பார்த்தால் இதயம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

1950களில் சென்னைக்குக் குடிவந்த பிறகு கிருஷ்ணமாச்சாரியாரின் பாணி மாறியது. வருகிறவரின் வயது, வேலை, நோய் பார்த்து ஆளுக்கொரு பயிற்சி. மூச்சு தடுமாறினால் ஆசனம் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பொறியியல் படித்த அவர் மகன் தேசிகாச்சார் முதலில் இந்தப் பக்கமே வருவதாக இல்லை. பல வருடம் தூக்கமின்றித் தவித்த நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் குணமான மகிழ்ச்சியில், ஆசாரமான கிருஷ்ணமாச்சாரியாரைத் தெருவிலேயே கட்டிப்பிடித்ததைப் பார்த்து அசந்துபோய், தந்தையிடமே மாணவரானார். 1960களின் நடுவில், குருவே வேண்டாம் என்று உலகமெங்கும் பேசிவந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, எழுபது வயதில் இந்த இளைஞரிடம் ஆசனம் கற்றுக்கொண்டார். தத்துவத்துக்கு ஆசிரியர் தேவையில்லை, முதுகெலும்புக்குத் தேவை என்று எடுத்துக்கொள்கிறேன். 1976இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இன்றும் மந்தைவெளியில் இயங்குகிறது.

முதுகெலும்பு என்றதும் ஒரு விஷயம். வளர்ந்தவர்களின் முதுகுத் தட்டுகளுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அசைவும், சுமை மாறிமாறி விழுவதும் அந்த ஊறலுக்கு உதவுகின்றன. 'சரியாக உட்காருவது எப்படி' என்று தேடுவதைவிட அடிக்கடி எழுந்துகொள்வது மேல். கட்டிலை ஒட்டி ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும். ஒரு கதை நகராமல் நிற்கும் நேரத்தை அதற்குக் கொடுக்கலாம். யோகா நாள்பட்ட இடுப்பு வலிக்கு எவ்வளவு உதவுகிறது? 2017இல் காக்ரேன் அமைப்பு 12 ஆய்வுகளையும் 1080 பேரையும் சேர்த்துப் பார்த்தது. பயிற்சியே இல்லாமல் இருப்பதைவிட அன்றாட இயக்கத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சிலருக்கு வலி கூடவும் செய்தது. மற்ற முதுகுப் பயிற்சிகளைவிட யோகா உசத்தி என்று சொல்ல ஆதாரம் போதவில்லை.

தலைகீழாக நிற்கும் ஆசை மட்டும் எச்சரிக்கைக்குரியது. 2006இல் வெளிவந்த சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வு, யோகா பழகிய 75 பேரைச் சிரசாசனத்தில் நிறுத்திக் கண்ணழுத்தத்தை அளந்தது. அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானது. கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. தமக்குக் கிளாக்கோமா இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால், நாற்பது தாண்டியவர்கள் கண்ணழுத்தத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் காலைத் தூக்கட்டும். காணொளி பார்த்துக் கற்பதில் உள்ள சிக்கல் இதுதான்: உங்கள் கண்ணும் இடுப்பும் திரையில் இருப்பவருக்குத் தெரியாது. கரையான்சாவடிக்காரர்களுக்கு அதற்கும் வழி இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு நேராகப் போனால் வரும் அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.