எந்தத் துருசைப் பூட்டலாம்? கணினியின் பின்னணிச் சேவைகளை நிறுத்தும் முன்

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளை நோக்கிப் போகையில் நாலந்தாவுக்கு அடுத்து வருகிறது நாவுல. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் பஸ்ஸில் போய்வருபவர்கள் இந்தச் சிறு நகரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள். கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு தாய் இங்கே மகளோடும் மருமகனோடும் வாழ்கிறார். 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக அவர் சேர்த்துவைத்த ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகள், மருமகன் வாங்கிய பாவித்த கணினி ஒன்றில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கடிதம், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், ஒரேயொரு புகைப்படம். சிலவற்றின் மூலப் பிரதிகள் பின்னர் மழையில் நனைந்து எழுத்தழிந்துவிட்டன.

கணினி மெதுவாகிவிட்டது. உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி உதவிக்கு வந்தார். ‘நிறுத்திவிட்டால் கணினி பறக்கும்’ என்று ஒரு வீடியோ சொன்ன பின்னணிச் சேவைகளை ஒன்றுவிடாமல் முடக்கினார். மறுநாள் வைபை வரவில்லை. ஸ்கேனர் வேலை செய்யவில்லை. தேடல் பெட்டியில் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. இரண்டு நாளில் ஆவணங்களை அனுப்ப வேண்டியிருந்தது.

நான் போனபோது அந்தத் தம்பி குற்றவாளிபோல் நின்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் தவறு தினமும் எங்கோ நடக்கிறது. என்ன நடந்தது என்று அம்மாவுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “குளத்துத் துருசைப் பூட்டுறதெண்டால், கீழ ஆற்ற வயல் இருக்கெண்டு பாத்துத்தானே பிள்ளை பூட்டுவினம்?”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான்.

சேவை என்றால் என்ன?

நாம் திறக்கும் செயலிகளுக்குத் திரையில் ஒரு ஜன்னல் இருக்கும். சேவைகளுக்கு அது இல்லை. கணினி எழும்பும்போதே பல சேவைகளும் எழும்பிவிடும். விண்டோஸ் கணினியில் இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை உண்டு. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சேர்விசஸ்’ என்று எழுதினால் பட்டியல் திறக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க முறை இருக்கிறது. ‘ஓட்டோமெட்டிக்’ என்றால் கணினியோடு சேர்ந்து தொடங்கும். ‘மெனுவல்’ என்றால் யாராவது கேட்கும்போது மட்டும் தொடங்கும். ‘டிஸேபிள்ட்’ என்றால் யார் கேட்டாலும் தொடங்காது. பட்டியலில் நீளமாகத் தெரிந்தாலும் பல சேவைகள் மெனுவலில் சும்மா கிடப்பவையே. அவற்றை முடக்கினால் வேகம் கூடாது. தேவைப்படும் நாளில் கோளாறுதான் வரும்.

நாவுல வீட்டில் நடந்ததும் இதுதான். ‘டபிள்யூலான் ஓட்டோகொன்பிக்’ நின்றதால் வைபை போனது. ‘விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்’ நின்றதால் ஸ்கேனர் போனது. தொடுதிரை இல்லையே என்று நிறுத்திய ‘டச் கீபோர்ட்’ சேவைதான் தேடல் பெட்டியில் எழுதுவதையும் மொழி மாற்றுவதையும் தாங்கி நின்றது. பெயரைப் பார்த்து வேலையைத் தீர்மானிக்க முடியாது.

தொடக்கூடாதவை

முதலாவது, ‘விண்டோஸ் அப்டேட்’. டேட்டாவைத் தின்கிறது என்று பலர் இதை நிறுத்துகிறார்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வனாக்ரை’ தீநிரல், 150 நாடுகள் வரை போய், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14இல், வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கணினிகளே பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. டேட்டாதான் பிரச்சினை என்றால் வைபை அமைப்பில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள், பதிவிறக்கம் குறையும்.

இரண்டாவது, ‘வொலியூம் ஷடோ கொப்பி’. கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மீட்புப் புள்ளிகளும் பல காப்புப் பிரதி மென்பொருட்களும் இதை நம்பியே இருக்கின்றன. பணம் பறிக்கும் தீநிரல்கள் பல முதலில் அழிப்பது இந்த நிழற் பிரதிகளைத்தான். எதிரி தேடி அழிப்பதை நாமே நிறுத்திக் கொடுக்கலாமா?

மூன்றாவது, டிபென்டர், பயர்வோல், ‘கிரிப்டோகிராபிக் சேர்விசஸ்’ போன்ற பாதுகாப்புச் சேவைகள். ‘ரிமோட் புரொசீஜர் கோல்’ என்ற பெயரைக் கண்டு யாரோ தூரத்திலிருந்து நுழைகிறார்கள் என்று பயப்படவும் வேண்டாம். கணினிக்குள் இருக்கும் பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி அது. அதை மாற்ற விண்டோஸே விடாது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவை

‘பிரிண்ட் ஸ்பூலர்’ நல்ல உதாரணம். 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாரிய ஓட்டை இதில் தெரியவந்தது. மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் 7க்கும் கொடுத்தது. பிரிண்டரே இல்லாத வீட்டில் இதை நிறுத்துவது பாதுகாப்பைக் கூட்டும். பிரிண்டர் உள்ள வீட்டில் நிறுத்தினால் அச்சிடவே முடியாது. ஒரே சேவைக்கு இரண்டு வீட்டில் இரண்டு பதில்.

பக்ஸ் பயன்படுத்தாதவர்கள் ‘பக்ஸ்’ சேவையையும், இணையமின்றி வரைபடம் பார்க்காதவர்கள் ‘டவுன்லோடட் மெப்ஸ் மனேஜர்’ சேவையையும், கடைக் காட்சிக்கான ‘ரீடெயில் டெமோ’ சேவையையும் நிறுத்தலாம். எக்ஸ்பொக்ஸ் விளையாட்டு இல்லாத வீட்டில் அதன் சேவைகளும் தேவையில்லை. ‘ரிமோட் ரெஜிஸ்ட்ரி’ வீட்டுக் கணினிகளில் ஏற்கனவே முடக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் முடக்குங்கள்.

பழைய ஹாட் டிஸ்க் உள்ள கணினியில், டாஸ்க் மனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 வீதத்தில் நின்றால், ‘சிஸ்மெயின்’ சேவையை நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் திரும்பப் போட்டுவிடுங்கள்.

‘கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அன்ட் டெலிமெட்ரி’ சேவை, கணினியின் இயக்கத் தரவுகளை மைக்ரோசொப்டுக்கு அனுப்புவது. கண்காணிக்கப்பட்டே பழகிய எங்கள் மக்களுக்கு இந்தப் பெயர் அச்சம் தரும். இதை நிறுத்தலாம், கணினி கெடாது. ஆனால், இதை நிறுத்தியதால் மட்டும் பாதுகாப்பாகிவிட்டோம் என்று நினைக்கக்கூடாது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் கொன்பிகரேஷன்’ என்பதைத் திறந்து, சேவைகள் பக்கத்தில் ‘ஹைட் ஓல் மைக்ரோசொப்ட் சேர்விசஸ்’ என்ற பெட்டியில் சரி அடையாளம் போடுங்கள். விண்டோஸின் சொந்தச் சேவைகள் மறையும். மிஞ்சுபவை, வேறு மென்பொருட்கள் கொண்டுவந்து வைத்தவை. வேகத்தைத் தின்பவை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

நாவுல கணினியில் அப்படிப் பார்த்தபோது, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றின் சேவை ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் அதைப் போடவில்லை. முன்பு வைத்திருந்தவரோ திருத்தியவரோ தன் வசதிக்குப் போட்டுவிட்டு மறந்திருக்கலாம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல கருவிகள்தான். ஆனால், நிரந்தரக் கடவுச்சொல் போட்டு விட்டுவைத்தால், அதை அறிந்தவர் எப்போதும் உள்ளே வரலாம். முறைப்பாட்டில் சாட்சிகளின் பெயர்களும் இருந்தன. அம்மா அதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை.

அதை முடக்கவில்லை, மென்பொருளையே அகற்றினோம். பாவித்த கணினி வாங்குபவர்கள் தங்கள் ஆவணங்களை ஏற்றும் முன்பே விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்வதுதான் சரி.

செய்யும் முறை

1. ஆவணங்களை முதலில் வெளியே பிரதி எடுங்கள்.

2. ‘சிஸ்டம் புரொடெக்ஷன்’ பல கணினிகளில் நிறுத்தப்பட்டிருக்கும். அதை இயக்கி, ஒரு மீட்புப் புள்ளி உருவாக்குங்கள்.

3. சேவையின் பெயரை இரண்டு முறை கிளிக் செய்து ‘டிபென்டன்சிஸ்’ பக்கத்தைப் பாருங்கள். அதை நம்பி நிற்கும் மற்றச் சேவைகள் அங்கே தெரியும். அம்மா சொன்ன கீழ் வயல் அதுதான்.

4. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ‘மெனுவல்’, உடனே ‘டிஸேபிள்ட்’ வேண்டாம்.

5. பெயர், பழைய நிலை, திகதி மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். அந்தத் தம்பி எழுதாததால், வேறொரு கணினியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்த எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் போனது.

மெதுவானதற்கான காரணம் கடைசியில் சேவைகளே அல்ல. களைத்துப்போன ஹாட் டிஸ்க்கும், கணினியோடு சேர்ந்து தானாகத் திறந்துகொண்ட நாலைந்து செயலிகளும்தான். டாஸ்க் மனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தில் செயலிகளை நிறுத்தினோம். பிறகு மருமகன் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டார். இன்னொரு விடயத்தையும் அவருக்குச் சொன்னேன்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளர்களுக்கான மேலதிகப் பாதுகாப்புத் திட்டமும் 2026 ஒக்டோபர் 13 வரைதான்.

ஆவணங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது அவை இரண்டு பென் டிரைவ்களிலும் இருக்கின்றன. ஒன்று நாவுலவில் அம்மாவின் அலுமாரியில். மற்றது கிளிநொச்சியில் அவரது தங்கையிடம்.